உங்களுக்குத் தெரியுமா? மில் வாசல் முதல் சம்பளச் சீட்டு வரை!

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வேலை பார்ப்பவரா நீங்கள்? இல்லை, நாலு பேருக்கு வேலை கொடுப்பவரா? யாராக இருந்தாலும் சரி, நேரம், சம்பளம், பாதுகாப்பு, ஆள் பற்றாக்குறை என்று தலைவலி இல்லாத நாளே கிடையாது! அந்தத் தலைவலிகளுக்குள் புகுந்து அள்ளி வந்த சங்கதிகள் இதோ. படியுங்கள், அடுத்த ஷிப்ட்காரரிடம் சொல்லி அசத்துங்கள்!

பஞ்சும் பாடும்

ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய ஆண்டு 1936. தொடங்கியவர் பி.ஏ.சி. ராமசாமி ராஜா. நூலில் ஆரம்பித்த அந்தக் குழுமம் சிமென்டுக்குப் போனது, மென்பொருளுக்கும் போனது. இன்று ராம்கோ சிஸ்டம்ஸ் விற்கும் சரக்குகளில் ஒன்று என்ன தெரியுமா? கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுத் தரும் மென்பொருள்!

நூற்பாலையில் ஸ்பிண்டில் சுற்றும் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 18,000 சுற்று. வகுத்துப் பாருங்கள். நீங்கள் 'ஒன்று' என்று சொல்லி முடிப்பதற்குள் 300 சுற்று!

இந்த வேகத்தில் நூல் அறுந்தால்? மெஷின் வரிசையைக் கவனிக்கும், அதாவது சைடு பார்க்கும் பெண் பாபினை நிறுத்துவார், நுனியைத் தேடி எடுப்பார், டிராவலருக்குள் நுழைப்பார், ரோலரில் ஒட்டுவார். பீசிங், அதாவது அறுந்த நூலை ஒட்டும் வேலை, முடிந்தது! எல்லாம் ஒருசில நொடிக்குள். அதற்குள் பக்கத்தில் இன்னொன்று அறுந்திருக்கும்!

ஒரு ஷிப்டில் சைடு பார்ப்பவர் நடக்கும் தூரம் பல கிலோமீட்டர். அதனால் தமிழ்நாட்டின் சில மில்களில் கையாண்ட உத்தி, காலில் ரோலர் ஸ்கேட்ஸ்! சறுக்கிக்கொண்டே போய் நூலை ஒட்டுகிறார்கள்!

காற்று காய்ந்தால் நூல் அறும். அதனால் நூற்புக் கூடத்தில் ஈரப்பதத்தை 55 முதல் 60 சதவீதத்தில் பிடித்து வைப்பார்கள். நூலுக்கு அது சொகுசு. ஆளுக்கு? சட்டை முழுக்க வேர்வை!

தறி ஓடும் கூடத்தில் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைப் பெண்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். உதட்டசைவைப் பார்த்தே ஊர்க்கதை முழுக்கப் பேசினார்கள்! ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியின் தறிக்கூடத்துக்குள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். இங்கேயும் பாதிப் பேச்சு கையிலும் கண்ணிலும்தான்!

பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் பிசினோசிஸ். இதற்கு நாள் கிழமை தெரியும்! விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் நெஞ்சு அதிகமாக இறுகும். வாரம் போகப் போக ஆரம்பத்தில் தணியும். திங்கட்கிழமையைக் கண்டால் நெஞ்சு அடைக்கிறது என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள்!

உங்கள் காயத்தில் சுற்றிய பேண்டேஜ் துணி எங்கே நெய்தது? அதே சத்திரப்பட்டி வட்டாரமாக இருக்கலாம்! அங்கே நெய்யும் மருத்துவத் துணி நாடு முழுக்கப் போகிறது. கொஞ்சம் தள்ளித் தளவாய்புரம் போனால் கடைக்குக் கடை நைட்டி!

நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் உள்ள மாநிலம் தமிழ்நாடு. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் தமிழ்நாட்டில் மட்டும் எத்தனை பேர்? நூற்றுக்கு 40-க்கும் மேல்!

முதலாளிக்கும் தூக்கம் இல்லை!

பஞ்சை மில்காரர்கள் எடை போடுவது கேண்டிக் கணக்கில். ஒரு கேண்டி 356 கிலோ. 2022 மே மாதத்தில் அதன் விலை தொட்ட உயரம், 1 லட்சம் ரூபாய்! பஞ்சு தங்கமான மாதம் அது!

2025 ஆகஸ்ட் 27. இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட வரி 50 சதவீதத்துக்கு எகிறிய நாள். உத்தரவு பிறந்தது வாஷிங்டனில். வயிறு கலங்கியது திருப்பூரிலும் அதற்கு நூல் அனுப்பும் ஊர்களிலும்!

2012-ஐ மறந்துவிட்டீர்களா? தமிழ்நாட்டின் பல ஊர்களில் மின்வெட்டு நாளுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டிய வருஷம். கரன்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம்!

ஆளே நிலைக்க மாட்டேன் என்கிறார்கள் என்று புலம்பும் முதலாளிகளே, ஹென்றி ஃபோர்டைக் கேளுங்கள்! 1913-இல் அவர் தொழிற்சாலையில் வேலையை விட்டு ஓடியவர்களின் விகிதம் 370 சதவீதம். அதாவது, 14,000 பேர் வேலையில் நிற்க 52,000 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது! 1914 ஜனவரியில் அவர் ஒரு அறிவிப்பு விட்டார். நாள் கூலி 5 டாலர்! ஏறக்குறைய இரண்டு மடங்கு! மறுநாளே வாசலில் ஆயிரக்கணக்கில் கூட்டம்!

வெயிலும் வேலை நேரத்தைத் திருடுகிறது! 2030-இல் வெப்பத்தால் இந்தியா இழக்கப்போகும் வேலை நேரம் 5.8 சதவீதம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இலேயே கணக்குச் சொல்லிவிட்டது. முழுநேர வேலையாக மாற்றினால் 3 கோடியே 40 லட்சம் வேலை! ஸ்ரீவில்லிபுத்தூரில் விறகடுப்பு முன்னால் நின்று பால்கோவா கிண்டுபவரிடம் இதைச் சொன்னால், இது எனக்கு எப்போதோ தெரியும் என்பார்!

அந்தப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-இல். வெப்ப அலையைத் தமிழ்நாடு மாநிலப் பேரிடராக அறிவித்தது 2024 அக்டோபரில். இனிப்புக்கு அங்கீகாரம் முதலில், அடுப்படி வெக்கைக்கு ஐந்து வருஷம் கழித்து!

விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் வரும் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காவின் பரப்பு எவ்வளவு? 1,052 ஏக்கர்! எதிர்பார்க்கும் நேரடி வேலை 1 லட்சம். நம் ஊர் மில்காரர்களின் அடுத்த கவலை இப்போதே தயார். இருக்கிற ஆளும் அங்கே போய்விட்டால்?

செயற்கை நுண்ணறிவு வந்து வேலையைப் பறிக்குமா? 2025-இல் உலகப் பொருளாதார மன்றம் தந்த கணக்கு இது. தொழில்நுட்பமும் மற்ற மாற்றங்களும் சேர்ந்து 2030-க்குள் 9 கோடியே 20 லட்சம் வேலை போகும். புதிதாக வருவதோ 17 கோடி! போனவருக்கே புதியது கிடைக்குமா என்று மட்டும் கேட்காதீர்கள்!

கடிகாரத்தைப் பாருங்கள்!

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது 1881-இல். அது சிறுவர்களைக் காப்பாற்ற வந்த சட்டம். வேலைக்குச் சேர்க்கக் குறைந்தபட்ச வயது எவ்வளவு வைத்தார்கள்? 7! இரண்டாம் வகுப்பு வயசு!

அந்தப் பிள்ளைகள் ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை மணி நேரம் வேலை பார்க்கலாம்? 9! இன்றைக்குப் பெரியவர்களே அதற்குச் சண்டை பிடிக்கிறார்கள்!

ஞாயிற்றுக்கிழமை லீவு சும்மா வந்ததா? பம்பாய் மில் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே வருஷக்கணக்கில் போராடி வாங்கியது. கிடைத்த நாள் 1890 ஜூன் 10!

1919-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் ஒப்பந்தம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும் தனி விதி. 60 மணி நேரம்! நமக்கும் 48 என்று சட்டம் சொன்ன வருஷம்? 1946!

இன்போசிஸ் நாராயண மூர்த்தி 2023-இல் வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொன்னார். எல் அண்ட் டி தலைவரின் பேச்சு 2025-இல் 90-க்குப் போனது! வாரத்துக்கு மொத்தமே 168 மணி நேரம்தான் ஐயா!

வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்தால் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடும். இருதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதம் கூடும். சொன்னது உலக சுகாதார நிறுவனம். நீண்ட நேர வேலை 2016 ஒரு வருஷத்தில் மட்டும் கொண்டுபோன உயிர்கள் 7 லட்சத்து 45 ஆயிரம்!

தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரல் 21-இல் நிறைவேறியது. ஏப்ரல் 24-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1-இல் வாபஸ் என்று அறிவிப்பு! பத்தே நாள்!

வேலை நேரம் முடிந்தபின் ஆபீஸ் போனை எடுக்காமல் இருக்கலாம் என்ற உரிமை பிரான்சில் 2017 முதல் சட்டம். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல். நம் ஊரில் இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் சூப்பர்வைசரின் குட்மார்னிங்!

பிரிட்டனில் 2022-இல் 61 கம்பெனிகள் சம்பளத்தைக் குறைக்காமல் வாரம் 4 நாள் வேலை என்று சோதித்துப் பார்த்தன. சோதனைக் காலம் முடிந்தபின்னும் அதையே தொடர்ந்தவை எத்தனை? 56!

சங்கம் வைத்த கதை

தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம் தொடங்கியது 1908 பிப்ரவரி 27. முன்னால் நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். ஒன்பதே நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது! அடுத்த ஒரு வாரத்துக்குள் இருவரும் கைது!

இந்தியாவின் முதல் அமைப்பு ரீதியான தொழிற்சங்கம் பிறந்தது சென்னையில். 1918 ஏப்ரல் 27, சென்னைத் தொழிலாளர் சங்கம். தலைவர் பி.பி. வாடியா. துணை நின்றவர் திரு.வி.க. பின்னி மில் தொழிலாளர்கள் சொன்ன முதல் குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? மதியச் சாப்பாட்டுக்கு நேரம் போதவில்லை!

இந்தியாவின் முதல் மே தின விழாவும் சென்னையில்தான்! 1923-இல். நடத்தியவர் சிங்காரவேலர். கடற்கரையில் ஒரு கூட்டம், திருவல்லிக்கேணியில் இன்னொன்று!

வாடியா மீது பின்னி நிர்வாகம் போட்ட நஷ்டஈட்டு வழக்குதான் 1926 தொழிற்சங்கச் சட்டத்துக்கு விதை போட்டது. அந்தச் சட்டப்படி சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கக் குறைந்தது எத்தனை பேர் வேண்டியிருந்தது? 7! ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கும் கூட்டம்!

ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9-இல் வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள். எழுந்தது அக்டோபர் 15-இல். 37 நாள்! கேட்டவற்றில் தலையானது சம்பளம்கூட இல்லை. தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது!

ஒரே நாளில் பாதிப் பேர் பேசிவைத்துக்கொண்டு கேஷுவல் லீவு போட்டால்? புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்புப்படி அது லீவு இல்லை, வேலைநிறுத்தம்! மாமா கல்யாணம் என்று எழுதிக் கொடுத்தாலும்!

உயிர் முக்கியம்!

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துச் சிவகாசியில் பட்டாசு அறைக்குள் நுழையும் முன் தொழிலாளி தொட வேண்டியது ஒரு செப்புத் தகடு. உடம்பில் ஏறிய நிலைமின்சாரம் அதன் வழியே மண்ணுக்கு இறங்கிவிடும். தொடாமல் போனால் ஒரு பொறி போதும்!

அங்கே நைலான் சட்டைக்குத் தடை. பருத்திதான்! பாலியஸ்டர் சேலையின் உரசல்கூட எமனாகலாம்!

சிவகாசி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்து 2012 செப்டம்பர் 5-இல். பலியானவர்கள் சுமார் 40 பேர்! வேடிக்கை பார்க்கவும் காப்பாற்றவும் ஓடி வந்தவர்களும் அதில் உண்டு!

வங்கதேசத்தின் ராணா பிளாசாவில் சுவர் விரிசலை முந்தின நாளே எல்லாரும் பார்த்தார்கள். மறுநாள் தையல் தொழிலாளர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். 2013 ஏப்ரல் 24. இறந்தவர்கள் 1,134 பேர்! அதே கட்டடத்தில் இருந்த வங்கி அன்றைக்குத் திறக்கவில்லை!

வேலை காரணமான விபத்திலும் நோயிலும் உலகம் முழுக்க ஆண்டுக்குச் சாகிறவர்கள் 29 லட்சத்துக்கும் மேல்!

மனச்சோர்வும் பதற்றமும் உலகத்துக்கு ஆண்டுதோறும் எத்தனை வேலை நாளைத் தின்கின்றன? 1,200 கோடி நாள்! காசாக்கினால் 1 லட்சம் கோடி டாலர்! 

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே சேலை விரிப்பவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் செய்தது 2021-இல். கேரளா 2018-இலேயே முந்திக்கொண்டது! உட்காரச் சட்டம் தேவைப்பட்ட நாடு இது!

1948 தொழிற்சாலைச் சட்டத்தில் எச்சில் துப்பவும் ஒரு பிரிவு இருந்தது! தொட்டி வைக்காதது முதலாளி குற்றம். தொட்டிக்கு வெளியே துப்பினால் தொழிலாளி குற்றம். அபராதம் அதிகபட்சம் 5 ரூபாய்!

10 பேர் வேலை பார்க்கும் இடமா? பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு கட்டாயம். தலைவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். பாதிப் பேராவது பெண்கள். வெளி ஆள் ஒருவர். விசாரணையை முடிக்கக் கெடு 90 நாள்! பத்துப் பேர் என்றால் பெரிய மில் வேண்டாம், பஜாரில் இருக்கும் நகைக்கடையே போதும்!

2022-இல் எச் அண்ட் எம், கேப், பி.வி.எச் என்ற மூன்று உலக பிராண்டுகள் ஒரு தமிழ்நாட்டு ஊரின் பெயரில் கையெழுத்துப் போட்டன. திண்டுக்கல் ஒப்பந்தம்! பெண் தொழிலாளர் மீதான வன்முறையைத் தடுக்க. மறுபுறம் கையெழுத்திட்டது பெண்கள் தலைமையிலான ஒரு தமிழ்நாட்டுத் தொழிற்சங்கம்!



காசு, பணம், துட்டு!

தீபாவளி போனஸ் குறைந்தபட்சம் ஏன் 8.33 சதவீதம்? 100-ஐ 12-ஆல் வகுங்கள். ஒரு மாசச் சம்பளம் என்பதன் மாறுவேஷம் அது!

அதே 8.33 இன்னொரு இடத்திலும் ஒளிந்திருக்கிறது! உங்கள் பெயரில் முதலாளி கட்டும் 12 சதவீத பி.எஃப். பணத்தில், சம்பளத்தின் 8.33 சதவீதம் போவது ஓய்வூதியக் கணக்குக்கு. கடைசியில் கிடைக்கும் குறைந்தபட்ச ஓய்வூதியம் என்று 2014-இல் வைத்த தொகை, மாதம் 1,000 ரூபாய்!

மாதம் 20,000 ரூபாய் வாங்குகிறீர்களா? இ.எஸ்.ஐ.க்கு உங்கள் சம்பளத்தில் பிடிப்பது 150 ரூபாய். முதலாளி போடுவது 650 ரூபாய்! நோயில் படுத்தால் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வீட்டுக்கு வரும்!

கிராஜுவிட்டிக் கணக்கில் மாசத்துக்கு 26 நாள்தான்! கடைசிச் சம்பளம் 13,000, சர்வீஸ் 5 வருஷம் என்றால் கையில் 37,500 ரூபாய். மாசத்துக்கு 30 நாள் என்று கணக்குப் போட்டிருந்தால் 5,000 ரூபாய் காலி!

24 மாதத்துக்குள் 480 நாள் வேலை பார்த்துவிட்டீர்களா? 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி நீங்கள் நிரந்தரத் தொழிலாளி! சிலருக்கு 479-ஆவது நாளில் கணக்கு முடிப்பது இதனால்தான்!

பேறுகால விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது 2017-இல். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் ஒரு வருஷம்! மாதவிடாய்க்காக அரசு ஊழியர்களுக்கு மாதம் 2 நாள் சிறப்பு விடுப்பு தந்த மாநிலம் எது? பீகார்! எப்போது? 1992-இல்!

29 தொழிலாளர் சட்டங்களை உருக்கி 4 தொகுப்பாக ஊற்றிவிட்டார்கள்! 2025 நவம்பர் 21 முதல் அமல். வேலையை விட்டால் சம்பள பாக்கி இரண்டே வேலை நாளில் கைக்கு வர வேண்டும் என்கிறது புதிய சட்டம். கேன்டீன் கட்டாயம் என்ற எண்ணிக்கை 250 பேரிலிருந்து 100 பேராக இறங்கியது. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் சேர்ந்தவர்களுக்கு கிராஜுவிட்டி 5 வருஷத்துக்குப் பதில் 1 வருஷத்திலேயே!

இதையெல்லாம் வாய் பிளந்து படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இன்றே சம்பளச் சீட்டை எடுங்கள். பி.எஃப். யு.ஏ.என். எண் 12 இலக்கம் இருக்கிறதா? இ.எஸ்.ஐ. எண் 10 இலக்கம் இருக்கிறதா? பிடித்த பணம் கணக்கில் ஏறியிருக்கிறதா? முதலாளிகளே, நீங்கள் கட்டிய பணத்துக்கு ரசீது பத்திரமாக இருக்கிறதா? பெண்களே, தொல்லை என்றால் 181-ஐ அழுத்துங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்!